லீவர் யார் கையில்?

மாஹிம் நிலையத்தின் கிழக்கு வாசலைத் தாண்டினால் தாராவி. அங்கே வசிக்கும் தமிழர்களுக்கு, மாஹிமில் நிற்காமல் பறக்கும் ஃபாஸ்ட் லோக்கலின் வேகம் நன்றாகத் தெரியும்.

1967இல் பிலிப்பா ஃபுட் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஒரு புதிர் போட்டார். டிராம் ஒன்று கட்டுப்பாடிழந்து ஓடுகிறது. நேரே ஐந்து பேர்; கிளைப் பாதையில் ஒருவர். ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? வகுப்பறைகளில் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. பம்பாயில் டிராமே 1964இல் ஓய்ந்துவிட்டது.

லோக்கல் ஓட்டும் மோட்டார்மேனிடம் கேட்டால் இந்தப் புதிர் வேடிக்கையாகத்தான் இருக்கும். வண்டியைத் திருப்பும் வசதி அவரிடம் கிடையாது. பாதையை மாற்றுவது சிக்னல் கேபின். வண்டி ஏறியபின் அதுவும் மாற்ற முடியாதபடி இன்டர்லாக்கிங் பூட்டிவிடும். அவருக்கு மிஞ்சுவது ஹாரனும் பிரேக்கும். முழு வேகத்தில் வரும் வண்டி பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

ரயில் நிஜமாகவே கட்டுப்பாடிழந்தால்? 2024 பிப்ரவரியில் ஜம்மு-காஷ்மீரின் கதுவாவில் ஒரு சரக்கு ரயில் ஓட்டுநர் இல்லாமலே கிளம்பி, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி பஞ்சாபுக்குள் வந்துவிட்டது. யாரைப் பலிகொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. பாதையைக் காலிசெய்தார்கள், லெவல் கிராசிங்குகளை மூடினார்கள், தண்டவாளத்தில் தடைகளைப் போட்டு நிறுத்தினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. கண்டாலாவிலிருந்து கர்ஜத்துக்கு இறங்கும் மலைப்பாதையில், பிரேக் பிடிக்காத ரயிலை மேட்டில் ஏற்றி நிறுத்தவென்றே கேட்ச் சைடிங் என்ற தனிப் பாதைகள் உண்டு. ஆபத்து வருமுன்பே வழி போட்டு வைப்பதுதான் ரயில்வேயின் தர்மம்.

அந்த முன்யோசனை தண்டவாளத்தைக் கடப்பவர்களுக்கு மட்டும் முழுதாக எட்டவில்லை. 2012இல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு, ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இப்படி இறப்பதாகவும் அதில் ஏறத்தாழ 6,000 பேர் மும்பைப் புறநகர்ப் பாதைகளில் என்றும் சொன்னது. நாகரிக சமூகம் ஏற்கமுடியாத படுகொலை இது என்று கண்டித்தது. பிறகு எண்ணிக்கை குறைந்தது. ஆனாலும் 2023இல் எல்லாக் காரணங்களாலும் மும்பை லோக்கல் பாதைகளில் இறந்தவர்கள் 2,500க்கும் அதிகம்.

'அத்துமீறல்' என்று எழுதி ஃபைலை மூடுவது சுலபம். படியேற அலுத்துக்கொள்ளும் நம் கால்கள்மீதும் குற்றம் உண்டு. ஆனால் பாலம் எங்கே, வேலி எங்கே என்று முடிவுசெய்பவரின் மேஜைமீதுதான் அசல் லீவர் இருக்கிறது. அவருக்கு யோசிக்க நேரம் உண்டு. கிளைப் பாதையில் யாரும் நிற்கவில்லை. செலவு மட்டும்தான் நிற்கிறது.