ஒரு துளி இரத்தமும் ஒரு நாள் பேரும்

போன மாதம் பிள்ளையைக் கூட்டிப்போகப் பாடசாலைக்கு வந்த ஒரு தாய், தன் கிளினிக் கொப்பியை என்னிடம் நீட்டினார். "சேர், 9.2ன்னு எழுதியிருக்காங்க. இது நல்லதா, கெட்டதா?" விரலில் குத்தி ஒரு துளி எடுத்தார்களாம், மாத்திரையும் கொடுத்தார்களாம். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அது ஹீமோகுளோபின் அளவு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 9.2 கிராம். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்கும், கர்ப்பத்தின் முதல், கடைசி மூன்று மாதங்களில் 11க்கும் குறைந்தால் இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதைத் தலையங்கத்தில் எழுதுவானேன் என்று சிலர் கேட்பீர்கள். கொழுந்து நிறையோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான். நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இலங்கை, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்தும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் இரும்புச்சத்துப் பெற்றவர்களின் கொழுந்து நிறை கூடியது. இரத்தம் அதிகமாகக் குறைந்திருந்தவர்களுக்கே முன்னேற்றமும் அதிகம்.

அப்படியானால் நிறை குறைந்தது என்று அரைப்பேர் போட்டு, "சோம்பேறி" என்று ஏசுகிறபோது ஏசப்படுவது எது? அந்தப் பெண்ணின் இரத்தத்தில் இல்லாத இரும்பு! நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த ஆய்வு நம் பக்கம் சாட்சியாக இருக்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் அதை நாம் எத்தனை தடவை எடுத்து வைத்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த ஒரு துளி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அது காட்டுவது ஹீமோகுளோபினை. உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பை அறிய பெரிட்டின் என்ற சோதனை தனியாக வேண்டும். அதில் ஒரு லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் பெரியவர்களுக்கு இரும்புக் குறைவு. (ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) உடம்பில் கிருமித் தொற்று இருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். தலசீமியா உள்ளவருக்கும் இரத்தம் குறைவாகவே தெரியும், ஆனால் இரும்பு மாத்திரை அதைத் தீர்க்காது. கொக்கிப்புழு இருந்தால் ஒரு பக்கம் மாத்திரை, மறுபக்கம் இரத்த இழப்பு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீயும் சோற்றிலுள்ள இரும்பை உடம்பில் ஏறவிடாது. நாம் பறித்த தூளே நமக்கு எதிராக!

ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களை அந்தக் கிளினிக் கருவி பார்க்கவே பார்க்காது. அவற்றுக்கு வேறு ஆய்வுகூடம் வேண்டும். முடியாத காரியமில்லை. பத்து மைக்ரோலீற்றர் இரத்தத்தில், அதாவது ஒரு துளியிலும் சிறு பங்கில், ஈயத்தை அளக்கும் முறை 1970இலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: விரலில் தூசியோ தெளித்த மருந்தோ ஒட்டியிருந்தால் அதையும் கருவி இரத்தத்தில் இருந்ததாகவே கணக்கெடுக்கும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே குத்த வேண்டும். எண் கூடுதலாக வந்தால் நரம்பில் இரத்தம் எடுத்து மறுபடி பார்க்க வேண்டும்.

இது தூரத்துக் கதையல்ல. நமது திருகோணமலை மாவட்டத்துப் பதவிசிறிபுரவில் விவசாயிகளைச் சிறுநீரக நோய் வாட்டுகிறது. வடமத்திய, ஊவா மாகாணங்களில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் அதிகமாகவும், பலரது இரத்தத்தில் செலினியம் குறைவாகவும் இருந்ததை அது காட்டியது. காரணம் எது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒருமித்து முடிவு சொல்லவில்லை. 1977க்குப் பின் மலையை விட்டு வந்து இம்மாவட்டத்தில் குடியேறிய நம் சொந்தங்களும் கிணற்று நீரைக் குடித்து, மருந்து தெளித்துத்தான் வாழ்கிறார்கள்.

தேயிலைச் செடிக்குத் துத்தநாகம் குறைந்தால் துத்தநாக சல்பேட் தெளிக்கத் தோட்டத்தில் பணம் இருக்கிறது. பறிக்கிறவளின் பெரிட்டினைப் பார்க்க இல்லையா?

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தலைவர்மார் எழுத்தில் கேட்க வேண்டும். இரத்தம் எடுத்தால் முடிவைத் தமிழில் எழுதி அவரவர் கையில் கொடுக்க வேண்டும். 12க்குக் குறைந்த பெண்களுக்குப் பெரிட்டின் சோதனை, சம்பளம் வெட்டாமல். அந்த எண்ணைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது. கிளினிக் கொப்பிகளைப் பத்திரமாக வைத்திருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள், இரண்டு மணிக்குப் பிறகு நான் இருப்பேன்.