தமிழ் நூற்கடைக்குத் தமிழ் முகவரி ஆகாதா?



தமிழ் நூல் விற்கும் இணையக் கடையொன்றில், நூலின் பக்கத்திலேயே ஒரு கட்டம்: "கையிருப்பு வந்ததும் அறிவிக்க மின்னஞ்சல் தருக." தமிழெழுத்து முகவரியை இட்டேன். 'முகவரி தவறு' என்றது சிவப்பெழுத்து. தவறு முகவரியிலா, கட்டத்திலா?

யுனிகோடு எழுத்து முகவரிகளுக்கு ஆர்.எப்.சி. 6531 எனும் இணைய நெறிமுறை 2012இலேயே வழிவிட்டது. 2014இல் ஜிமெயிலும் அத்தகைய முகவரிகளோடு மடல் பரிமாறத் தொடங்கியது. இவர்களோ 26 ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும் பழைய சோதனை விதியைப் படியெடுத்து ஒட்டுகின்றனர்.

"தமிழ் முகவரி வைத்திருப்போர் எத்தனை பேர்?" என்பர். கதவைத் தாழிட்டுவிட்டு வருவாரில்லை என்பதா? 1985இல் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கியபோது கணினியில் தமிழ் எழுதியோர் எத்தனை பேர்?

முகவரியின் நடுவே 'அட்' குறி உள்ளதா எனப் பார்த்து, உறுதிப்படுத்தும் மடலொன்று அனுப்பினால் போதும். அஞ்சல் வழங்கியும் யுனிகோடை ஏற்க வேண்டும். அவ்வளவே.

லாபு தோட்டப்புறத்தில் தம் பெயரைத் தமிழில் எழுதக் கற்கும் மாணவரிடம், அவ்வெழுத்து செல்லாது எனத் தமிழ்க் கடையே சொல்லலாமா?

சிந்திப்பீர்!