சிறு கிளிப், பெரிய கேள்வி

வயல் வேலையில் தேய்ந்துபோன முழங்காலுக்கும் இடுப்புக்கும் வலிமாத்திரையே ஊரக மக்களின் முதல் மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கி, வெறும் வயிற்றில் விழுங்கப்படும் அந்த மாத்திரை நாளடைவில் இரைப்பையில் புண்ணை உண்டாக்கக்கூடும். புண் ஆழமாகி ரத்தக் குழாயை அரித்துவிட்டால், ரத்த வாந்தியாகவோ தார் போன்ற கருப்பு மலமாகவோ அது வெளிப்படும். புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் உழவுத் தொழிலாளர்களும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல.

வயிற்றைக் கிழிக்காமல் அந்த ரத்தப்போக்கை நிறுத்தும் வழிகளுள் ஒன்று எண்டோஸ்கோபி கிளிப். வாய் வழியே செலுத்தப்படும் எண்டோஸ்கோபி குழாய்க்குள் ஏறத்தாழ 3 மி.மீ. அகலமே உள்ள ஒரு பாதை உண்டு. அதன் வழியே மடங்கிச் செல்லும் கிளிப், புண்ணருகே 1 செ.மீ. அளவுக்கு விரிந்து, ரத்தக் குழாயையோ காயத்தின் இரு விளிம்புகளையோ கவ்விக்கொண்டு, தன்னைச் சுமந்து வந்த கம்பியிலிருந்து கழன்று அங்கேயே தங்கிவிடும். காயம் ஆறியபின் உதிர்ந்து மலத்தோடு வெளியேறும்.

ஜப்பானில் 1975-ஆம் ஆண்டு ஹயாஷி குழுவினர் இக்கருவியை முதலில் விவரித்தனர். கையாளச் சிரமமாக இருந்த அதனை 1988-இல் ஹச்சிசு மேம்படுத்தினார். பின்னர் சுழற்றவும், சரியாகக் கவ்வாவிட்டால் மறுபடி திறக்கவும் கூடிய வடிவங்கள் வந்தன. குடல் சுவரில் துளையே விழுந்துவிட்டால் மேற்படலத்தை மட்டும் பிடிக்கும் சிறிய கிளிப் போதாது. சுவரின் முழுத் தடிமனையும் கவ்வும் பெரிய கிளிப்பை நிக்கல்-டைட்டானியம் கலவையால் ஜெர்மனியின் ஓவெஸ்கோ நிறுவனம் உருவாக்கியது.

ஆயினும் எங்கும் எவர்க்கும் கிளிப் என்பது அறிவுடைமை ஆகாது. பெருங்குடலில் 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட காம்பற்ற கட்டிகளை அகற்றியபின் காயத்தைக் கிளிப்பால் மூடுவது குறித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. பின்னர் ஏற்படும் கடும் ரத்தப்போக்கு 7.1 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதமாகக் குறைந்ததாக அது கூறியது. அந்தப் பலனும் பெருங்குடலின் முற்பகுதியில்தான் தெளிவாகத் தென்பட்டது. பயன்பாட்டிலும் சிக்கனம் தேவை என்பதே இதன் பாடம்.

பொருளியல் நோக்கில் இது ஒரு விந்தையான சரக்கு. இதிலுள்ள உலோகத்தின் மதிப்பு அற்பம். வடிவமைப்பு, நுண்ணிய கருவி வேலை, கிருமி நீக்கம், காப்புரிமை, பரிசோதனை, இறக்குமதி, விநியோகஸ்தர் ஆதாயம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையே இதன் விலை. ஒருமுறை மட்டுமே பயன்படும்; சரியாகக் கவ்வாமல் கழன்றாலும் செலவு செலவுதான். ஒரு நோயாளிக்கு ஒன்று போதுமா, நான்கு வேண்டுமா என்பது காயத்தைப் பார்த்தபிறகே மருத்துவருக்குத் தெரியும். ஆனால், ஆயுஷ்மான் பாரத் போன்ற காப்பீட்டுத் திட்டங்கள் ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என முன்கூட்டியே தொகுப்புத் தொகையை நிர்ணயிக்கின்றன. மூன்றாவது கிளிப்பின் விலையை யார் ஏற்பது என்ற கேள்வி, ரத்தம் வடிந்துகொண்டிருக்கும் வேளையில் எழக் கூடாது.

அரசு விலை உச்சவரம்பு விதித்தால் தீராதா எனலாம். 2017 பிப்ரவரியில் சாதாரண இதய ஸ்டென்ட்டுக்கு ரூ.7,260, மருந்து பூசியதற்கு ரூ.29,600 என வரம்பு விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும் வரம்பு வந்தது. வரம்பு விதிக்கப்படாத கருவிகளின் விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பதே பொது விதி. அதாவது விலை ஏறும் வேகத்துக்குத்தான் கடிவாளம். தொடக்க விலை விற்பவரின் விருப்பம். தேவையானபோது உச்சவரம்பு விதிக்கத்தான் வேண்டும். ஆனால், வரம்பால் மட்டும் உற்பத்தி பெருகிவிடாது.

உள்நாட்டு வடிவமைப்பே நிலையான தீர்வு. அது இயலாத கனவன்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின்கீழ் உழைத்தனர். மூன்று வடிவங்கள் தோற்றபின் நான்காவதாக வென்ற செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் அதனைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையோடு 1992-இல் தொடங்கிய அரோலேப், எளியோருக்கு எட்டாதிருந்த விழிவில்லையை அவர்களுக்கு எட்டச் செய்தது. நோயாளியை நாள்தோறும் காணும் மருத்துவமனையும் கருவி செய்யும் பட்டறையும் அருகருகே இருந்ததே இவ்விரு வெற்றிகளின் அடிப்படை.

புதுச்சேரியிலும் அந்த அண்மை உண்டு. கோரிமேட்டில் ஜிப்மர், பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், வில்லியனூர் கொம்யூனின் சேதராப்பட்டில் தொழிற்பேட்டை. சேதராப்பட்டு-கரசூர் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென எடுக்கப்பட்ட பல நூறு ஏக்கர் நிலம் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்ததை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. விளைநிலத்தை இழந்த ஊர்களுக்கு நுண்தொழில் வேலைவாய்ப்பு கிடைப்பது ஒருவகை ஈடு.

2011 கணக்கெடுப்பின்படி 12.48 லட்சம் மக்களே உள்ள ஒன்றியப் பிரதேசத்தில் இதற்குச் சந்தை எங்கே என்ற ஐயம் நியாயமானதே. சித்ரா வால்வு கேரளத்துக்கு மட்டும் செய்யப்படவில்லை. நாடே அதன் சந்தை. ஆனால், முதல் கொள்முதல் உறுதி இல்லாமல் எந்தச் சிறுதொழில் முனைவோரும் பல ஆண்டுப் பரிசோதனைச் செலவைத் தாங்க மாட்டார். தரத்தேர்வில் வென்றால் இத்தனை கிளிப்புகளை இன்ன விலையில் வாங்குவோம் என்று அரசு மருத்துவமனைகள் கூட்டாக முன்னுறுதி அளிக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டின் அடிப்படை வடிவத்துக்கு இன்று காப்புரிமைத் தடை இருக்க முடியாது. காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டுகளே.

அதுவரை செய்யக்கூடியவையும் உள்ளன. காப்பீட்டில் கிளிப்புக்கு எண்ணிக்கைப்படி தனித்தொகை வழங்கலாம். மருத்துவமனைகள் கொள்முதல் விலையை வெளியிடலாம். பாகூரிலிருந்து இருபது கி.மீ.க்கு அப்பால் உள்ள ஜிப்மருக்கு நள்ளிரவில் வருவோருக்கும் எண்டோஸ்கோபி வல்லுநரும் கிளிப்பும் ஆயத்தமாக இருப்பதை உறுதிசெய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வலிமாத்திரையின் தீங்கை எடுத்துரைத்து, புண்ணை முன்பே கண்டறியலாம்.

நெல் விளையும் பூமி பாகூர். அங்கே நாற்று நடுபவரின் உயிர், தொலைதூர நாட்டில் குறிக்கப்படும் விலைச்சீட்டில் தொங்கக் கூடாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).