புகையிலையின் தாய்வழியும் தந்தைவழியும்

புகையிலைக்குத் தாய் தந்தையர் யாவர் என்று யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவரைக் கேட்டால் அவர் நகைக்கவே செய்வார். நாற்றைப் பறித்து நட்டு, கிணற்று நீரை இறைத்து வளர்ப்பது அவர் அறிந்த கலை. அவர் முன்னோர் விளைத்த இலை ஒரு காலத்தில் திருவாங்கூர் வரை விலைபோயிற்று. ஆயினும் அச்செடிக்குத் தாய் ஓர் இனம், தந்தை வேறோர் இனம். இரண்டும் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைப்புறத்துக் காட்டுச் செடிகள். தாய், நிக்கோசியானா சில்வெஸ்திரிஸ். தந்தை, நிக்கோசியானா தொமென்தோசிபோர்மிஸ். இப்பெயர்கள் நாவிற் புரள மறுக்குமாயின், தாய்ச்செடி, தந்தைச்செடி என்றே கொள்வோம்.

இவை ஒவ்வொன்றின் கலத்திலும் 24 நிறமூர்த்தங்கள் உள. இரண்டும் கலந்து பிறந்த புகையிலையிலோ 48. இரு தரப்பாரும் எதனையும் விட்டுக்கொடாது, தத்தம் முழுச் சொத்தோடும் ஒரே வீட்டிற் குடிபுகுந்தது போன்றது இது. இத்தகைய செடிகளைப் பன்மடியங்கள் என்பர்.

அவ்வீட்டில் யாருடைய சொல் செல்லும்? இதனை அறிய வாய்ப்பான இடம் இறைபோசோமுக்குரிய பரம்பரையலகுகளாகும். இறைபோசோம் என்பது கலத்தினுள்ளே புரதம் ஆக்கும் நுண்ணிய ஆலை. ஆலைகள் பெருந்தொகையாக வேண்டியிருத்தலின், அவற்றுக்கான பரம்பரையலகும் ஒன்றிரண்டு படிகளோடு நின்றுவிடாது. நிறமூர்த்தத்தின் குறித்த சில இடங்களில் ஆயிரக்கணக்கான படிகள் மணிமாலைபோற் கோத்துக் கிடக்கும். சோளத்தின் நிறமூர்த்தத்தில் ஒரு குறித்த இடத்திலேயே புன்கரு உருவாகிறதென்பதை 1934ஆம் ஆண்டில் பார்பரா மக்கிளின்ரொக் அம்மையார் எடுத்துக்காட்டினார். அவ்விடமே இவ்வலகுகளின் இருப்பிடம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதே ஆண்டில் உருசிய அறிஞர் நவாசின், கிரெப்பிஸ் என்னும் செடியின் கலப்புப் பிறப்புகளில் ஒரு பெற்றோருக்குரிய அவ்விடம் மாத்திரம் உருமங்கிப் போவதைக் குறித்து எழுதினார். ஒரு தரப்பின் படிகள் உழைக்க, மறுதரப்பின் படிகள் வாய்மூடி விடுகின்றன. அவை அழிந்துபோவதில்லை, மெதைல் என்னும் இரசாயன முத்திரை பொறித்து இறுகச் சுருட்டி வைக்கப்படுகின்றன, அவ்வளவே.

இதுவரை கூறியது பேச்சும் மௌனமும் பற்றியது. இனிக் கூறப்போவது சற்று விபரீதமானது.

ஆயிரம் படிகளும் ஏறத்தாழ ஒரே பாடமாக இருப்பது எங்ஙனம்? ஏட்டுச் சுவடியை நினைத்துக்கொண்டால் விளங்கும். ஒரு படியில் மாற்றம் நேர்ந்தால், அயற் படியைப் பார்த்து அது திருத்தப்படுகிறது. அல்லது அம்மாற்றமே அயலெங்கும் பரவிவிடுகிறது. புகையிலையில் இந்தத் திருத்தம் தரப்புகளின் எல்லையையே தாண்டிற்று. தாய்வழி நிறமூர்த்தங்களில் மூன்று சோடிகளிலும், தந்தைவழியில் ஒரே சோடியிலும் இவ்வலகுகள் உள. எண்ணிக்கை கொண்டு பார்த்தால் தாய்வழியே வென்றிருத்தல் வேண்டும். நடந்தது வேறு. தாய்வழி நிறமூர்த்தங்களிலுள்ள படிகளிலும் பெரும்பாலானவற்றில், தந்தைவழிப் பாடத்தை ஒத்த ஒரு புதிய பாடம் ஏறிவிட்டது. தாயின் பழைய பாடம் சிறு பகுதியாகவே எஞ்சியுள்ளது.

எஞ்சியவை எவை என்பதே நமக்குச் சுவை தருவது. அவை முத்திரையிட்டு உறங்க வைக்கப்பட்ட படிகள். கட்டவிழ்த்து நாள்தோறும் ஓதும் ஏட்டில்தான் திருத்தம் ஏறும். கட்டிப் பரணில் வைத்த ஏடு பழைய பாடத்தோடு கிடக்கும். இவ்விரு பெற்றோரையும் ஆய்வாளர் மீண்டும் கலந்து உண்டாக்கிய செயற்கைப் புகையிலையில், ஒருசில தலைமுறைகளுக்குள்ளேயே, சில செடிகளில் புதிய பாடம் தோன்றிவிட்டது.

இதனால் வரும் சங்கடம் சிறிதன்று. தாவரங்களின் குலவரலாறு எழுதுவோர் பலர் இவ்வலகுகளையே சாட்சிக்கு அழைக்கின்றனர். படிகள் மிகுதியாதலால் எளிதிற் கிடைக்கும் சாட்சி இது. புகையிலையில் இதனை மாத்திரம் நம்பினால், பிள்ளைக்குத் தாயே இல்லையென்று எழுதிவைக்க நேரும். பச்சையவுருமணியிலுள்ள பரம்பரையலகுகளோ தாய்வழியே இறங்குவன. அவற்றைக் கேட்டால் தந்தையின் பெயரைச் சொல்லமாட்டா. மாணவ நேயர்கள் இரு சாட்சிகளையும் ஒருங்கே விசாரிப்பார்களாக.

புகையிலைக்கு மாத்திரம் உரிய விசித்திரமா இது? அமெரிக்காவின் வாசிங்டன், ஐடகோ மாநில எல்லைப்புறத்திலே வீதியோரக் களையாக வளரும் திராகோபோகன் என்னும் செடியைப் பார்ப்போம். ஆட்டுத்தாடி என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். ஐரோப்பாவிலிருந்து சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்துசேர்ந்த மூன்று இனங்கள் தமக்குட் கலந்து, 12 நிறமூர்த்தங்கள் 24 ஆகி, இரண்டு புதிய இனங்கள் பிறந்திருப்பதை மரியன் ஓன்பி 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்விரண்டுக்கும் பொதுவான பெற்றோர் திராகோபோகன் துபியஸ் என்னும் இனம். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, பெரும்பாலான இடங்களில் துபியஸ்வழிப் படிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஒரு நூற்றாண்டு நிறையுமுன்னரே இக்குறைவு! தோற்றுப்போன தரப்பு இது என்று நாம் எண்ணுவோம். 2007ஆம் ஆண்டின் ஆய்வோ, குறைந்துபோன அப்படிகளே பெரும்பாலும் வேலைசெய்கின்றன, நிறைந்திருக்கும் மறுதரப்புப் படிகள் பெரும்பாலும் உறங்குகின்றன என்று காட்டிற்று. உழைக்கும் படிகளே தேய்கின்றன.

இப்புதிய செடிகள் ஒரே ஊரில் ஒரே முறை பிறந்து பரவியவையுமல்ல. வெவ்வேறு ஊர்களில், அதே பெற்றோருக்குத் தனித்தனியே பலமுறை பிறந்தவை. பிறந்த இடந்தோறும் பெரும்பாலும் துபியஸ்வழிப் படிகளையே இழந்து வந்துள்ளன.