கருவியின் விலையும் குரலின் விலையும்

மணமேல்குடியை அடுத்த கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் பங்குப் பேரவையில் அண்மையில் எழுந்த ஒரு கேள்வி நம்மை எழுதத் தூண்டுகிறது. வெளிநாட்டில் உழைக்கும் அவ்வூர் இளைஞர் சிலர் ஒன்றுகூடி, தம் ஆலயப் பாடற்குழுவிற்கு உயர்ரக அனலாக் சிந்தசைசர் ஒன்றை வாங்கித்தர முன்வந்தனர். "சாதாரணக் கீபோர்டு எல்லா ஊர்க் கோயிலிலும் இருக்கிறது. நம் கோயிலுக்கு அசலானது வேண்டாமா?" என்பது அவர்கள் கேள்வி. "இத்தனை இலட்சத்தை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடுவதா? தடைக்காலத்தில் அடுப்பெரியாத வீடுகள் எத்தனை என்று தெரியுமா தம்பி?" என்பது பெரியவர் ஒருவரின் எதிர்க்கேள்வி. முடிவு காணாமலேயே கூட்டம் கலைந்தது.

இரு தரப்பாரும் அன்று விலையைப் பற்றியே பேசினர். விலைக்குரிய பயன் எங்கிருந்து வரும் என்று எவரும் வினவவில்லை. அந்த வினாவை இங்கே எழுப்ப விழைகிறோம்.

முதலில், அக்கருவிக்கு நியாயம் செய்வோம். அது வீண் ஆடம்பரம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது அறியாமை. இன்று நம் ஆலயங்களில் ஒலிக்கும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை, வேறெங்கோ வேறெவரோ இசைத்துப் பதிவுசெய்த ஒலிகளைச் சேமித்து வைத்திருப்பவை. குழல் என்ற பொத்தானை அழுத்தினால் குழல், வயலின் என்றால் வயலின். அனலாக் சிந்தசைசரின் வயிற்றில் அத்தகைய சேமிப்பு ஏதுமில்லை. மின்னழுத்தமே அங்கு ஒலியாகிறது. ஓர் உறுப்பு அலையை எழுப்புகிறது. மற்றொன்று அதிலிருந்து வேண்டாத ஒலிக்கூறுகளை வடித்தெடுக்கிறது. இன்னொன்று அதன் எழுச்சியையும் அடக்கத்தையும் ஆள்கிறது. அமெரிக்கரான ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கிய முறையில், ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். திருகுகளைத் திருப்பி ஒலியை வனைய வேண்டியவர் இசைப்பவரே. 1968இல் வெண்டி கார்லோஸ் இக்கருவியைக் கொண்டே பாக்கின் இசையைப் பதிவுசெய்து வெளியிட்டபோது உலகம் வியந்தது. ஆலயத்திற்கென ஏராளமாய் இசை புனைந்த ஒருவரின் படைப்பு, மின்கம்பிகளின் வழியாகவும் உயிரோடு வெளிவந்தது.

எனவே "இது அந்நியக் கருவி, ஆலயத்திற்கு ஆகாது" என்ற வாதமும் நிற்காது. ஆர்மோனியம் மட்டும் நம் மண்ணிலா முளைத்தது? பாரிசில் 1842இல் தெபேன் என்பவர் உரிமம் பெற்ற கருவி அது. கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அதனைத் தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கும்படி மாற்றியமைத்தார். இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கியும் வைத்தது. இன்றோ ஆர்மோனியம் இல்லாத பழைய பங்குக் கோயிலை நினைத்துப் பார்க்க இயலுமா?

சரி, விலைக்கு வருவோம். 1970இல் பிறந்த மினிமூக் என்னும் புகழ்பெற்ற கருவி 2022இல் மீண்டும் வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 5,000 டாலர். நம் ரூபாயில் நான்கு இலட்சத்தைத் தாண்டும். சுங்கவரியும் போக்குவரத்தும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதே சுற்றமைப்பைப் பின்பற்றி, விசைப்பலகை இல்லாத சிறு பெட்டியாக பெஹ்ரிங்கர் குழுமம் 2018 அளவில் விற்றது ஏறத்தாழ 300 டாலருக்கு. இரண்டின் ஒலியையும் ஒப்பிட்டு வல்லுநர்களே வாதாடுகின்றனர். அப்படியாயின் இடையிலுள்ள ஆயிரக்கணக்கான டாலர் எதற்கு? உறுதியான கட்டமைப்புக்கு ஒரு பங்கு, கைவேலைக்கு ஒரு பங்கு, பெயருக்கு ஒரு பங்கு. முதலிரண்டும் நியாயமே. மூன்றாவதை ஆலயப் பணத்தில் வாங்குவதில்தான் நமக்கு உடன்பாடில்லை.

மேலும், அந்த மினிமூக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் மூன்றும் சேர்ந்தொலிக்கா. தனியிசைக்கு அது பேரழகு. ஆனால் ஞாயிறு காலையில் முந்நூறு பேரின் குரலைத் தாங்கிச் செல்லும் பின்னணிக்கு அது மட்டும் போதாது. பல சுரங்களைச் சேர்த்தொலிக்கும் அனலாக் கருவிகளும் உண்டு. அவற்றிலும் உயர்ரகங்களின் விலை இலட்சங்களில்தான். தட்பவெப்பம் மாறினால் சுருதி நகர்வது இவ்வகைக் கருவிகளின் பிறவிக்குணம். புதியவற்றில் அது குறைந்திருக்கிறது, முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. நம் கடற்காற்றோ ஆலயத்தின் இரும்புச் சன்னலையே அரித்துத் தின்கிறது. திருகுகளிலும் விசைத் தொடுமுனைகளிலும் உப்பேறினால் பழுது பார்க்கும் கைகள் நம் கரையோரத்தில் எளிதில் கிடைக்குமா?

இவ்வளவு சொன்ன பின், "அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்று நாமும் முடித்துவிடுவோம் எனச் சிலர் எதிர்பார்க்கலாம். அப்படி முடிக்க மாட்டோம். பெத்தானியாவில் விலையுயர்ந்த நறுமணத் தைலம் ஆண்டவரின் காலடியில் ஊற்றப்பட்டபோது, முந்நூறு தெனாரியத்திற்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முதலில் கணக்குப் பார்த்தவன் யூதாசு என்பதை யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் நமக்கு மறக்கவிடாது. ஏழையின் ஆலயத்தில் அழகு இருக்கலாகாது என்பவர், ஏழைக்கு அழகு தேவையில்லை என்றே சொல்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் காலத்தில், அம்மக்களுக்கு மிஞ்சியிருக்கும் பெரும் செல்வம் மாலைச் செபத்தில் சேர்ந்து பாடுவதுதான். அச்செல்வத்தை எவரும் ஏளனமாய் எண்ண வேண்டாம்.

நம் எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. அக்கருவியை இசைக்கப் போவது யார்?

இக்கேள்விக்கு அந்தப் பேரவைக் கூட்டத்தில் விடையில்லை. அந்த ஊர்ப் பாடற்குழுவில் இசை பயின்றவர் எவருமில்லை. கேட்டுக் கேட்டு விரல் பழகிய இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவரும் பருவகாலத்தில் கடலுக்குச் சென்றுவிடுவார். அவருக்கு ஆசிரியர் ஒருவரை அமர்த்துவோம் என்று எந்தக் கொடையாளரும் முன்வந்ததில்லை. ஏனெனில் ஆசிரியரின் முதுகில் 'அன்பளிப்பு' என்று பெயர் பொறிக்க இயலாது! மின்விசிறியின் இறக்கையிலும் குழல்விளக்கின் பட்டையிலும் பெயரெழுதிப் பழகிய நம் பக்திக்கு, பொறிக்க இடமில்லாத தர்மம் கண்ணில் படுவதேயில்லை.

கருவி ஒன்று தன் விலைக்குத் தகுந்ததாவது எப்போது? இரு நிகழ்வுகளை எண்ணிப் பார்ப்போம். இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபோது மகன் ஏ.ஆர். ரகுமானுக்கு வயது ஒன்பது. தந்தை வாங்கி வைத்திருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அக்குடும்பம் பிழைத்தது. அக்கருவிகள் நாள்தோறும் ஏதோ ஒரு கையில் இருந்தன. அவற்றோடு வளர்ந்த சிறுவன் இசையறிந்தான். கொடுத்த விலை பன்மடங்காய்த் திரும்பி வந்தது.

மற்றொன்று அகமதாபாத்தில் நடந்தது. அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் மூக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் புதுமையான இசை படைத்தனர். ஆனால் 1972உடன் அம்முயற்சி அடங்கிற்று. அன்று பதிவான நாடாக்கள் பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் உறங்கிக் கிடந்து, பால் பர்கஸ் என்ற ஆய்வாளரின் முயற்சியால் 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. நாட்டின் புகழ்மிக்க நிறுவனம் ஒன்றிலேயே, தொடர்ந்து பயிலும் கைகள் இல்லாதபோது கருவி மௌனமாகிவிடுமென்றால், நம் சிற்றூர்க் கோயிலில் அதன் கதி என்ன?

திருச்சபை இதனை முன்பே தெளிவாக உரைத்திருக்கிறது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு, குழாய் ஆர்கனைப் போற்றும் அதே எண் 120இல், பிற கருவிகளையும் ஏற்றுக்கொள்ள வழிதிறக்கிறது. அவை புனிதப் பயன்பாட்டிற்கும் ஆலய மாண்பிற்கும் ஏற்றவையாய் இருத்தல் வேண்டும்; இறைமக்களின் ஞான வளர்ச்சிக்கு உண்மையாகவே துணைசெய்தல் வேண்டும். விலையைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எண் 115இல், இசைஞர்க்கும் பாடகர்க்கும், சிறப்பாகச் சிறுவர்க்கு, உண்மையான திருவழிபாட்டுப் பயிற்சி தரப்பட வேண்டும் என்று வலியுறுத்துகிறது. 1967இல் வந்த திருஇசை பற்றிய அறிவுரை ஏடோ, கருவியின் ஓசை பாடுவோர் குரலை அமிழ்த்திப் பாடற்பொருளை மறைத்துவிடலாகாது என எச்சரிக்கிறது. கருவி வாங்குவதில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் பயிற்சியில் காட்டியிருக்கிறோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம்.

மலிவான கீபோர்டே போதும் என்று மகிழ்வோரையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. அதில் தாளம் தானே ஓடுகிறது. ஒரு விரலை வைத்தால் பின்னணி முழுவதும் தானே வருகிறது. தூயவர் பாடலுக்கும் திருமண வரவேற்பிற்கும் ஒரே 'டிஸ்கோ' தாளம்! தானியங்கிக் கருவிகளைத் திருவழிபாட்டில் இசைப்பதை 1958இலேயே உரோமை விலக்கியதற்குக் காரணமிருந்தது. வழிபாடு மனிதர் செலுத்துவது. இயந்திரம் நமக்குப் பதிலாக இறைவனைப் புகழ இயலாது. அந்த வகையில், ஒவ்வோர் ஒலியையும் கையால் வனையக் கேட்கும் அனலாக் கருவி, பொத்தானில் தாளம் தரும் பெட்டியைக் காட்டிலும் நேர்மையானது என்றே சொல்வோம். எனவேதான், பயின்ற கை ஒன்று இருக்குமாயின் அதன் விலையைக் குறித்து நாம் வாய்திறந்திருக்க மாட்டோம்.

கடற்கரை மக்களுக்கு இதனை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. வலை வாங்குகிறவர் அதன் நீளத்தைப் பார்க்குமுன், இழுக்க எத்தனை பேர் உண்டு என்றுதான் எண்ணுவார். ஆளில்லாத வலை மடியிலேயே மட்கிப்போகும் என்று அவர் அறிவார். கடலில் இவ்வளவு தெளிவாய் இருக்கும் நாம், கோயிலுக்குள் நுழைந்ததும் ஏன் மயங்குகிறோம்?

ஆகவே அந்த இளைஞர்களுக்கு நம் விண்ணப்பம் இதுவே. தம்பிகளே, உங்கள் அன்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. அந்நிய மண்ணில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அது. அந்த நான்கு இலட்சத்தை இவ்வாறு எண்ணிப் பாருங்கள். இசையாசிரியர் ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் தந்தால் 80 மாதங்கள், அதாவது ஆறரை ஆண்டுகளுக்கு மேல், உங்கள் ஊர்ச் சிறுவரும் சிறுமியரும் வாரந்தோறும் இசை பயில்வர். இருக்கிற ஆர்மோனியத்தின் துருத்தியைச் செப்பனிடுங்கள். பயிற்சிக்கு நல்ல கீபோர்டு ஒன்றை, தானியங்கித் தாளத்தை அணைத்துவைத்து, பயன்படுத்துங்கள். சில ஆண்டுகளில் அக்குழந்தைகளுள் ஒருவர் எழுந்து, "அண்ணா, இந்தக் கருவியில் நான் தேடும் ஒலி கிடைக்கவில்லை" என்று சொல்லுவார். அன்று அந்த அனலாக் சிந்தசைசரை வாங்கிக் கொடுங்கள். வாங்கும் நாளில் நாமும் வந்து நம்மாலான காணிக்கையைச் செலுத்துவோம்.

அதுவரை, பெயர் பொறிக்க இடமில்லாத அந்தத் தர்மத்தைத் தொடங்குவீர்களா?