தொழில் வரி வரம்பும் கிராம நிதியும்

வத்தல்மலையில் சாமையும் ராகியும் விளைவிக்கும் குடியானவர்களும், சரிவுகளில் காப்பியும் மிளகும் பயிரிடுவோரும், தங்கள் விளைபொருளைக் கீழே கொண்டுவர மலைப்பாதையையே நம்பியிருக்கின்றனர். மழைக்காலத்தில் ஊர்ப்பாதை அரித்துப் போனால், அதைச் சீர்செய்யுமாறு குடிகள் முதலில் கேட்பது பஞ்சாயத்தையே. குடிதண்ணீர், தெருவிளக்கு ஆகியவற்றிற்கும் அவ்வாறே. இவற்றிற்குரிய பணம் எவ்வழியில் வருகிறது என்பதை நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஆராய்ந்து பார்த்தல் அவசியம். அவ்வழிகளுள் ஒன்றை அரசியல் சட்டமே குறுக்கி வைத்திருக்கிறது. அதுவே தொழில் வரி.

நமது ராஜ்யத்தில் தொழில் வரியைப் பஞ்சாயத்துகளும் நகரசபைகளும் விதித்து, தங்கள் நிதியிலேயே சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அரசியல் சட்டத்தின் 276-வது ஷரத்து, ஒருவர் ஒரு ஸ்தல ஸ்தாபனத்துக்கு வருஷமொன்றுக்குச் செலுத்தும் தொழில் வரி 2,500 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று விதிக்கிறது. அன்னிய ஆட்சியின் கடைசிக் காலத்தில் இவ்வரம்பு 50 ரூபாயாக இருந்தது. 1950-ம் வருஷத்தில் 250 ரூபாயாயிற்று. 1988-ம் வருஷத்திய 60-வது திருத்தத்தால் 2,500 ரூபாயாக உயர்ந்தது. அதன்பின் இன்றுவரை அசையவில்லை. இடையில் கூலியும், சிமெண்டும், கல்லும், குழாயும் விலையில் எவ்வளவு ஏறின என்பதைப் பஞ்சாயத்துக் கணக்கைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் விளையும் அநீதி ஒன்று உண்டு. நம் ராஜ்யத்தில் ஆறு மாதத்திற்கு 75,000 ரூபாய்க்கு மேற்பட்ட வருமானம் யாவும் ஒரே படியில் அடங்குகின்றன. அரையாண்டுக்கு 1,250 ரூபாய்க்கு மேல் எவரிடமும் வாங்க இயலாது. ஆகவே மாதம் பதின்மூவாயிரம் பெறும் குமாஸ்தாவும், மாதம் மூன்று லக்ஷம் பெறும் பெரிய உத்தியோகஸ்தரும் ஒரே உச்சவரம்பின் கீழ் நிற்கின்றனர்.

நிலமுடையோர் நிலைமையை இதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். நிலத் தீர்வையின்மேல் ஸ்தல வரி விதிக்கப்படுகிறது. அதனை மாற்ற அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுவதில்லை. சட்டசபையின் சாதாரணச் சட்டமே போதும். வீட்டு வரியும் அவ்வாறே. சம்பளக்காரருக்கு ரூபாய்க் கணக்கில் அரசியல் சட்டக் காப்பு இருக்க, உழுபவனுக்கு அது இல்லை. ஊர்ச் செலவு பெருகும்போது, தடையற்ற வரிகளின்மீதே பாரம் சாயும் என்பது வெளிப்படை.

பதினான்காவது நிதிக் கமிஷன் இவ்வரம்பை 12,000 ரூபாயாகவும், பதினைந்தாவது நிதிக் கமிஷன் 18,000 ரூபாயாகவும் உயர்த்தச் சிபாரிசு செய்தன. அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். பார்லிமெண்டின் ஈரவைகளிலும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். இத்தனை பிரயாசைப்பட்டு மற்றொரு ரூபாய்த் தொகையை எழுதிவைத்தால், சில வருஷங்களில் அதுவும் பழையதாகிவிடும். ஆதலின் வரம்பை நிர்ணயிக்கும் அதிகாரத்தைப் பார்லிமெண்டின் சாதாரணச் சட்டத்துக்கு விட்டு, ஒவ்வொரு நிதிக் கமிஷனும் தன் முறையில் அதனைப் பரிசீலிக்குமாறு ஷரத்தைத் திருத்துவதே நலம். பதினான்காவது கமிஷனும் ஏறக்குறைய இதே யோசனையைக் கூறியுள்ளது.

அரசியல் சட்டக் காப்பு நீங்கினால் வரி மனம்போல் ஏறாதோ என்று கேட்கலாம். அச்சம் நியாயமானதே. வரம்பே வேண்டாம் என்பது நமது கக்ஷியன்று. காலத்துக்கேற்ப நகரும் வரம்பு வேண்டும் என்பதே. அமெரிக்காவின் மிசூரி ராஜ்யம் 1984-ம் வருஷத்தில் மண் பாதுகாப்புக்கும் பூங்காக்களுக்கும் என்று ஒரு விற்பனை வரியைத் தன் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தது. அதன் விகிதம் நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு. தொகையன்றி விகிதமாதலால் வியாபாரத்துடன் அது தானே வளர்கிறது. குறித்த கால இடைவெளியில் ஜனங்களின் வாக்கைப் பெற்றே அது நீடிக்கிறது. விகிதமும் மறுபரிசீலனையும் சேர்ந்திருப்பதே நாம் கைக்கொள்ளத்தக்க பாடம்.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. வரம்பு உயர்ந்தால் மட்டும் வத்தல்மலைக்குப் பெரும் லாபமில்லை. மலைமேல் மாதச் சம்பளம் பெறுவோர் சிலரே. பெரும் சம்பளங்களும், அவற்றின்மேல் விழும் வரியும் சமவெளி நகரங்களிலேயே தங்கிவிடும். ஆகையால் புதிதாகக் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு, வருவாய் குன்றிய மலைக்கிராமங்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். ஐந்து வருஷத்துக்கொருமுறை அமையும் ராஜ்ய நிதிக் கமிஷன் இதற்கு ஏற்ற இடம். அப்பங்கும் பாதை, தண்ணீர், விளக்கு என்னும் காரியங்களுக்கன்றி வேறெதற்கும் செலவாகலாகாது.

அடுத்த கிராம சபையில் ஊர்க் கணக்கைக் கேட்டுவாங்கி, தொழில் வரி எத்துணை, வீட்டு வரி எத்துணை, நிலத்தின்மேல் வந்தது எத்துணை என்று பிரித்துப் பார்ப்பீர்களாக. யார் தோளில் பாரம் இருக்கிறது என்பது அப்பொழுதே விளங்கும். விளங்கியபின் தீர்மானம் எழுதுவது கடினமன்று.