வேடம் யாருக்கு?

தலையெழுத்து என்பதை நாம் நம்புவதில்லை. ஆனால், திரையுலகில் அதை எழுதும் கரம் ஒன்று உண்டு. எந்தப் பாத்திரத்துக்கு எந்த முகம் என்று தேர்ந்தெடுக்கும் கரம் அது! பாவு தறியேறிய பின், பொருந்தாத ஊடையைக் கோத்தால் பட்டும் பாழ், பாடும் பாழ் என்பதை ஆரணித் தெருவினருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திரையிலும் அஃதே. கதை பாவு, நடிகன் ஊடை.

சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டாம். ஆரணியும் வேலூரும் ஒரே வடார்க்காடு மாவட்டமாக இருந்த காலம். வேலூர்க்காரர் பி. ஏ. பெருமாள், நேஷனல் பிக்சர்ஸ் அதிபர், நாடக மேடையிலே நூர்ஜகானாகப் பெண்வேடம் புனைந்த இளைஞன் ஒருவனைக் கண்டார். ஏவி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து எடுத்த 'பராசக்தி'க்கு அவனே நாயகன் என்றார். மெலிந்த உடல், திரைக்கு அறிமுகமற்ற முகம்! மெய்யப்பச் செட்டியாருக்கு மனம் ஒப்பவில்லை. புகழ் பெற்றிருந்த கே. ஆர். ராமசாமியை நடிக்க வைக்கலாம் என்று கருதினார். பெருமாள் அசையவில்லை. 1952 அக்டோபர் 17 தீபாவளித் திருநாளில் படம் வெளிவந்தது. சிவாஜி கணேசன் வந்தார். தமிழ்த் திரையின் பேச்சும் மூச்சும் மாறின!

'சிவாஜி' என்ற பெயரும் ஒரு வேடத் தேர்வு ஈந்த பரிசே. அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் எம்.ஜி.ஆர். ஏற்பதாக இருந்து நழுவிய வேடம் கணேசனிடம் வந்தது. கண்டு மகிழ்ந்த பெரியார் அப்பெயரைச் சூட்டினார். இரண்டு முறையும் எவரும் அவ்விளைஞனின் குலத்தையோ, கொடிவழியையோ, கைப்பொருளையோ எடைபோடவில்லை. திறமை ஒன்றையே கண்டனர்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நெசவாளியின் வேடத்தை நெசவாளி மகன்தான் ஏற்க வேண்டும் என்று வாதாட வந்தவனல்லன் நான். இன்னார் பிள்ளைக்கே இன்ன வேடம் என்பது வருணாசிரமத்தின் மறுபதிப்பன்றோ! பிரியதர்சனின் 'காஞ்சிவரம்' படத்தில் பட்டு நெசவாளி வேங்கடமாக வாழ்ந்து காட்டிய பிரகாஷ்ராஜ் பெங்களூரில் பிறந்தவர். 2007ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் என்னும் தேசிய விருது அவருக்கு. சிறந்த படம் என்னும் விருது அப்படத்துக்கு. தறிக்காரனின் கண்ணீர் அவர் கண்ணில் வழிந்ததை எவரே மறுப்பர்? நெசவாளி வேடம் அவருக்குத் திறந்தது சரியே. அதுபோல, அரசன் வேடமும் அதிகாரி வேடமும் நெசவாளி மகனுக்குத் திறக்க வேண்டாமா என்பதே என் வினா.

திறமைக்குப் பஞ்சமா இந்த மண்ணில்? திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வளர்த்த தெருக்கூத்தைக் கண்டு நெகிழ்ந்த ந. முத்துசாமி, 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பசுபதி, கலைராணி முதலியோர் அங்கே தேர்ந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதச் சென்று நடிப்பைக் கண்டு பயின்றவர்! நம் வயல்வெளிக் கூத்தின் வேர் நகரத்துத் திரையில் பூத்த கதை இது.

ஆனால் இன்றைய நிலை என்ன? ஓடிடி தளங்கள் பெருகின, தொடர்கள் பெருகின, வாய்ப்பும் பெருகும் என்றனர். வாயிலிலோ புதிய காவலன் நிற்கிறான். "உன்னைப் பின்தொடர்வோர் எத்தனை இலட்சம்?" என்று கேட்கும் வழக்கம் வளர்கிறது. கலைக்குத் தலை எண்ணும் வேலை! இன்னொரு புறம், நடிகர் தேர்வு என்று கைப்பேசியில் விளம்பரம் செய்து, பதிவுக் கட்டணம், புகைப்படக் கட்டணம் என்று ஏழை இளைஞனின் கூலியைப் பறிக்கும் கூட்டம். நடிகனுக்குக் கூலி தருவதே தொழில். நடிகனிடம் கூலி கேட்பவன் கள்வன். இதைத் தறிமேடைதோறும் சொல்லுங்கள்!

மேலைநாட்டார் இப்பணியின் மதிப்பை இப்போதுதான் உணர்ந்து மாலையிடுகின்றனர். பிரிட்டனின் பாஃப்டா 2020இல் நடிகர் தேர்வுக்கெனத் தனி விருது தந்தது. 2025ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து அத்தகைய விருது உண்டு என்று ஆஸ்கர் குழு 2024இல் அறிவித்தது. மதிப்புக்குரிய பணி என்றால், மறைவில் நடக்கலாமா?

ஆகவே நாம் கேட்பன மூன்று. ஒன்று, தேர்வு அறிவிப்பு வெளிப்படையாகட்டும். தேர்ந்தெடுப்பவர் பெயரும் அதில் இருக்கட்டும். இரண்டு, சென்னைக்கு வந்து கதவைத் தட்டு என்னாமல், ஆரணி போன்ற ஊர்களுக்கும் தேர்வுக்குழு வரட்டும். மூன்று, கட்டணம் என்னும் பெயரில் நடக்கும் கொள்ளையைக் காவல்துறை கடுமையாக ஒடுக்கட்டும்.

வாய்ப்பைப் பிச்சையாகக் கேட்கவில்லை. போட்டியிடும் உரிமையைக் கேட்கிறோம். தோற்றால் தறிக்குத் திரும்புவான் நம் இளைஞன்; அதில் இழிவில்லை. களத்துக்குள்ளேயே விடாமல் தோற்கடிப்பதுதான் இழிவு!